ஆல் இந்தியா ரேடியோவோட இளைஞர் ஒலிபரப்பு யுவவாணி. அதோட மைக் முன்னாடி உட்கார்ந்த டெல்லித் தமிழர்கள் யாராவது இருக்கீங்களா?

கரோல்பாக் பர்சாத்தி:

நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. இன்னிக்கும் ராத்திரி திடீர்னு ஞாபகம் வந்தா போர்வைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிறேன். எங்கயாவது கொட்டித் தீர்க்கணும்.

1979. கும்பகோணத்திலேர்ந்து வந்து ரெண்டு வருஷம், சர்க்கார் ஆபீஸ்ல எல்.டி.சி. குமாஸ்தா, வயசு 22. யுவவாணில இங்கிலீஷ் பாட்டு நிகழ்ச்சிக்கு ஆடிஷன் கொடுத்துத் தேறியிருந்தேன். பார்லிமென்ட் ஸ்ட்ரீட் பில்டிங், அந்தக் கனமான கதவு, சிவப்பு விளக்கு, எல்லாம் போனவங்களுக்குத் தெரியும். அன்னிக்கு எனக்கு அடுத்து இந்தி சினிமாப் பாட்டு. அதுக்கு வரவேண்டிய பொண்ணு பஸ்ல மாட்டிக்கிட்டா. ட்யூட்டி ஆபீசர் எங்கிட்ட வந்து, "ரெண்டு வரிதான், நீயே சொல்லிடு, அதுக்குள்ள அவ வந்துடுவா"ன்னார்.

இந்தி எழுத்துக்கூட்டிப் படிக்க நேரமாகும்னு, க்யூ ஷீட் பின்னாடி தமிழ்லயே எழுதிக்கிட்டேன். "அப் ஸுனியே ஏக் கானா." இப்பவே சில பேருக்குப் புரிஞ்சிருக்கும். நம்ம எழுத்துல பாட்டும் கானாதான், சாப்பாடும் கானாதான். ஆபீஸ்ல வேற, "மதராஸி, உனக்கு க்ஹ வராது, வயித்திலேர்ந்து காத்தை விடு"ன்னு தினம் கிண்டல். விளக்கு எரிஞ்சதும் அந்த ஞாபகம்தான் வந்தது. வயித்திலேர்ந்து மொத்தக் காத்தையும் சேர்த்து விட்டேன்.

"இப்போது ஒரு சாப்பாடு கேளுங்கள்."

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இன்ஜினியர் மேஜைக்கு அடியில குனிஞ்சிட்டார், முதுகு மட்டும் குலுங்குது. அதைவிட என்னால மறக்க முடியாதது, ட்யூட்டி ஆபீசர் கையில இருந்த பேனா. ஒலிபரப்புல எது தப்பினாலும் ரிப்போர்ட்ல எழுதறது அவர் வேலை. நோட்டைத் திறந்தார், மூடியைக் கழட்டினார், என்னைப் பார்த்தார்.

வீடு திரும்பினா, வீட்டுக்காரம்மா என் பர்சாத்திக்கு (மொட்டைமாடி ரூம்) ஏறுற மாடிப்படியிலேயே நின்னுக்கிட்டிருந்தாங்க. "ஏண்டா, சரோஜ் நாராயணசுவாமி இதே டெல்லியிலேர்ந்துதானே அழகாத் தமிழ்ச் செய்தி வாசிக்கறாங்க? நீயும் தமிழ்லயே பேசக்கூடாதா?"

செக்டர் 4 சங்கரன் அல்ல:

நல்ல கதை. ஆனா நம்ப முடியலை. நான் 81, 82ல மூணு தடவை போயிருக்கேன். மூணும் ரெக்கார்டிங். நாக்கு பிசகினா நிறுத்தி, அந்த இடத்திலேர்ந்து மறுபடி சொல்லச் சொல்வாங்க. அப்புறம் ஸ்பூல் டேப்பை பிளேடால சாய்வா வெட்டி, வெள்ளை டேப் போட்டு ஒட்டுவாங்க. என்னோட இருமல் ஒண்ணு தரையில துண்டாக் கிடந்ததை என் கண்ணால பார்த்தேன். "இது உன்னோடதுதான், எடுத்துக்கோ"ன்னார் எடிட் பண்ணினவர். எடுத்துக்கலை. ஏன் எடுத்துக்கலைன்னு இன்னிவரைக்கும் தெரியலை. அரை விரல் நீளம் இருக்கும்.

விஷயம் அது இல்லை. சின்னப் பசங்களை நம்பி லைவ் கொடுத்திருப்பாங்களா? டெல்லியில யுவவாணி ஆரம்பிச்சது 1969 ஜூலை 21. அன்னிக்குக் காலையிலதான் (நம்ம நேரப்படி) ஆம்ஸ்ட்ராங் நிலாவுல கால் வெச்சார். எங்கப்பா ரெண்டையும் சேர்த்தே சொல்வார், "அவன் அங்க இறங்கினான், இவனுங்க இங்க ஏறினானுங்க"ன்னு. என்னதான் இளைஞர்களுக்கான அலைவரிசைன்னாலும் அது சர்க்கார் ரேடியோ. ஒவ்வொரு வரியும் எழுதிக் கொடுத்து, பார்த்து, கையெழுத்தாகித்தான் போகும்.

கரோல்பாக் பர்சாத்தி:

சார், உங்களோடது உரை. உரை, நாடகம், பேட்டி எல்லாம் ரெக்கார்டிங். நடுவுல உட்கார்ந்து அறிவிப்புச் சொல்ற கம்பியர் லைவ். ரெண்டும் வேற. நீங்க இருமலை வெட்டினதைப் பார்த்தீங்க, எனக்கு வெட்டறதுக்கு ஆள் இல்லை.

யூ ஸ்பெஷல்:

என்னோடது சிரிப்புக் கதை இல்லை. எழுதலாமா வேண்டாமான்னு ரெண்டு நாளா யோசிச்சேன்.

1984, பி.ஏ. ரெண்டாம் வருஷம். டிடிசி யூ-ஸ்பெஷல்ல, அதாவது யுனிவர்சிட்டிக்குன்னே விட்ட பஸ்ல, காலேஜ் போற பொண்ணுங்களைப் பத்தி அஞ்சு நிமிஷ உரை. அக்டோபர் கடைசி வாரம் ரெக்கார்டிங் முடிஞ்சது, நவம்பர் 1 சாயந்திரம் ஒலிபரப்புன்னு சொல்லிட்டாங்க. நாங்க அப்ப யமுனைக்கு அந்தப் பக்கம், லக்ஷ்மி நகர்ல வாடகை வீடு. எங்க ரேடியோ எப்பவும் கொரகொரன்னு இருக்கும். பக்கத்து வீட்டு சர்தார்ஜி குடும்பத்துல பெரிய செட். ஆண்ட்டி "இங்க வந்துடு, எல்லாரும் சேர்ந்து கேப்போம்"னு சொல்லியிருந்தாங்க. அம்மா அவங்களுக்காக முறுக்கு பிழிஞ்சு டப்பாவுல போட்டு வெச்சிருந்தா.

31ம் தேதி இந்திரா காந்தியைச் சுட்டுக் கொன்னது எல்லாருக்கும் தெரியும். பிபிசி முன்னாடியே சொல்லிடுச்சு, நம்ம ரேடியோ சாயந்திரம்தான் சொன்னது. அதுக்கப்புறம் எந்தப் பக்கம் திருப்பினாலும் சோகமா சாரங்கி. என் புரோகிராம் வராதுன்னு புரிஞ்சு, பாத்ரூம்ல தண்ணியத் திறந்து விட்டுட்டு அழுதேன். இந்திரா காந்திக்காக இல்லை. என் அஞ்சு நிமிஷத்துக்காக.

மறுநாள் சாயந்திரம் ஆகியும் மனசு கேக்கலை. ஒருவேளை போட்டுட்டாங்கன்னா? டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போய் அவங்க கதவைத் தட்டினேன். ரொம்ப நேரம் பதிலே இல்லை. அப்புறம் உள்ள இருந்து ஆண்ட்டி குரல், கதவுக்கு ரொம்பக் கிட்ட, மூச்சு மாதிரி: "பேட்டி, தட்டாதே. யாரும் இல்லைன்னு நினைச்சுக்கட்டும்."

நான் ரேடியோ கேக்க வந்திருக்கேன்.

அன்னிக்கு ராத்திரி, சர்தார்ஜிகளைத் தேடித் தேடித் தாக்கின கலவரத்துக்கு நடுவுல, அப்பாவும் மாடி வீட்டுக்காரரும் பின்பக்கமாப் போய் அவங்க நாலு பேரையும் எங்க வீட்டுக்குக் கூட்டிட்டு வந்தாங்க. மூணு நாள் எங்க சமையலறையில இருந்தாங்க, உயிர் பிழைச்சாங்க. 85ல லூதியானா போயிட்டாங்க. நான் எதுக்காகத் தட்டினேன்னு ஆண்ட்டி கேக்கவே இல்லை, நானும் சொல்லலை.

ஒலிநாடா ஆர்வலர்:

அனைவருக்கும் வணக்கம். என் அனுபவம் சிறியது. 1987ல் நான் யுவவாணியில் வாசித்த கவிதைகளை என் அண்ணன், வீட்டு ரேடியோ முன் டேப்ரெக்கார்டர் வைத்துப் பதிந்தார். இரண்டாவது கவிதையில் குக்கர் மூன்று விசில் அடிக்கிறது. மூன்றாவது விசில்தான் கவிதையைவிட நன்றாக இருக்கிறது என்பார் என் மனைவி.

இங்கே எழுதுபவர்கள் எல்லாரிடமும் இப்படி ஒரு கேசட்டாவது இருக்கும். தயவுசெய்து கவனியுங்கள். பரணிலிருந்து எடுத்த உடனே பிளேயரில் போடாதீர்கள். முதலில் கேசட்டின் பின்பக்கம் இருக்கும் இரண்டு பிளாஸ்டிக் காதுகளையும் உடைத்துவிடுங்கள், தவறி ரெக்கார்டு பட்டனை அழுத்தினாலும் அழியாது. நாடாவை அழுத்திப் பிடிக்கும் குட்டி ஸ்பாஞ்ச் உதிர்ந்திருக்கிறதா என்று பாருங்கள். உதிர்ந்திருந்தால் ஒலி கம்மிவிடும். ஒருமுறை முழுதாக முன்னோக்கி ஓட்டி, பின்னோக்கிச் சுற்றுங்கள். பிளேயரின் ஹெட்டை ஐசோபுரோபைல் ஆல்கஹாலில் தோய்த்த பஞ்சால் துடையுங்கள், தண்ணீர் வேண்டாம். கேசட் உறை ஒட்டி மூடியதாக இருந்தால், திருகாணி வைத்த வேறொரு உறைக்கு நாடாவை மாற்றிக்கொள்ளலாம். கணினியில் ஏற்றும்போது எம்பி3யாக அல்ல, வேவ் கோப்பாகச் சேமியுங்கள். ஸ்பீக்கர் பக்கத்தில் வைக்காதீர்கள், அதில் காந்தம் உண்டு. டெல்லி ஜூன் வெயிலில் பீரோ மேல் வைத்தால் கதை முடிந்தது.

சகோதரி யூ ஸ்பெஷல், உங்கள் பதிவு மனதைப் பிசைந்தது. முதலில் உங்கள் கேசட்டைத்தான் காப்பாற்ற வேண்டும். அனுப்பினால் நானே மாற்றித் தருகிறேன்.

எஃப்எம் தலைமுறை:

நான் 93க்கு அப்புறம் எஃப்எம் கேட்டு வளர்ந்தவன், யுவவாணின்னா அப்பா வயசுக்காரங்க சமாச்சாரம்னு நினைச்சேன். பர்சாத்தி அண்ணா, பேனாவை அப்படியே அந்தரத்துல விட்டுட்டீங்களே. எழுதினாரா இல்லையா?

கரோல்பாக் பர்சாத்தி:

தெரியாது தம்பி. நான் பார்க்கலை. அதுக்குள்ள அந்தப் பொண்ணு மூச்சு வாங்க ஓடி வந்துட்டா, நான் நாற்காலிய விட்டு எழுந்துட்டேன். ஆனா அடுத்த மாசமும் கான்ட்ராக்ட் வந்தது. அதிலேர்ந்து நீயே ஊகிச்சுக்கோ.

யூ ஸ்பெஷல்:

ஒலிநாடா ஆர்வலர் சார், ரொம்ப நன்றி. ஆனா எங்கிட்ட கேசட் எதுவும் இல்லை. ஒலிபரப்பாகவே இல்லைன்னுதானே எழுதியிருக்கேன். ஸ்பூலை அழிச்சு அழிச்சுப் பயன்படுத்தின காலம், அதுல அப்புறம் யாராவது வேற ஏதாவது பேசியிருப்பாங்க. என் குரல் அந்த வயசுல எப்படி இருந்ததுன்னு எனக்கே தெரியாது.