டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர்: தனி வண்டி, தனி கைடு தேவையா?

செங்காங் செல்வி:
வணக்கம். மார்ச் பள்ளி விடுமுறையில் டெல்லி, ஆக்ரா, ஜெய்ப்பூர் போகலாம் என்று இருக்கிறோம். நான், கணவர், 12 வயதிலும் 8 வயதிலும் இரண்டு பிள்ளைகள், மாமனார், மாமியார். பெரியவர்கள் இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. மாமியாருக்கு முழங்கால் வலி வேறு.

இங்கே சிங்கப்பூர் தேக்காவில் ஒரு ஏஜென்ட் தனி வண்டி, ஓட்டுநர், ஒவ்வோர் ஊரிலும் ஆங்கிலம் பேசும் கைடு என்று விலை கொடுத்திருக்கிறார். பஸ்ஸில் கூட்டத்தோடு போவதைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. திட்டம் இது: செவ்வாய் இரவு டெல்லி. புதன் குதுப் மினார், ஹுமாயூன் கல்லறை, செங்கோட்டை (வெளியிலிருந்து). வியாழன் காரில் ஆக்ரா, கோட்டை. வெள்ளி காலை தாஜ்மகால், ஃபத்தேபூர் சிக்ரி வழியாக ஜெய்ப்பூர். சனி ஜெய்ப்பூர். ஞாயிறு டெல்லி திரும்பி இரவு விமானம்.

"கைடு எதற்கு, எல்லாம் யூடியூபில் இருக்கிறதே" என்கிறார் கணவர். போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

காலாங்_காற்று:
உங்கள் கணவர் சொல்வதுதான் சரி. தனி கைடு என்பவர் நம் காசில் நமக்கே நாம் வைத்துக்கொள்ளும் தரகர்.

போன வருடம் நண்பர் குடும்பத்தோடு போயிருந்தேன். ஆக்ராவில் தாஜ்மகாலில் நின்ற நேரத்தைவிடப் பளிங்குக் கடையில் உட்கார்ந்திருந்த நேரம்தான் அதிகம். உள்ளே நுழைந்ததும் தரையில் ஒருவர் உட்கார்ந்து, சாணைச் சக்கரத்தைக் கையால் சுற்றி, அரிசி அளவு கல்லைத் தேய்த்துக் காட்டுவார். பிறகு விளக்கை அணைத்துவிட்டுப் பளிங்குத் தட்டின் மேல் டார்ச் அடிப்பார்கள். பதித்திருக்கும் சிவப்புக் கல் தணல் மாதிரி ஒளிரும். பிள்ளைகள் வாயைப் பிளப்பார்கள், டீ வரும், அப்புறம் விலை வரும். கைடு வாசலில் போனைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை, நாம் வாங்குவதில் அவருக்கும் பங்கு உண்டே.

சொல்லும் கதையாவது உருப்படியா என்றால் அதுவும் இல்லை. ஷாஜகான் கட்டியவர்களின் கையை வெட்டினாராம். ஆதாரமே இல்லாத கதை. ஆற்றுக்கு அக்கரையில் கறுப்புத் தாஜ்மகால் கட்ட நினைத்தாராம். தவெர்னியே என்ற பிரெஞ்சு வியாபாரி எழுதிவைத்ததிலிருந்து கிளம்பிய பேச்சு அது. 1990களில் அந்த மெஹ்தாப் பாக் தோட்டத்தைத் தோண்டிப் பார்த்தபோது, கறுப்புக் கல் என்று நினைத்ததெல்லாம் நிறம் மாறிய வெள்ளைக் கல் என்று தெரிந்தது. இதைச் சொல்லும் கைடு எனக்கு வாய்க்கவில்லை.

டெல்லி நிஜாமுதீன் நிலையத்தில் கதிமான் எக்ஸ்பிரஸ் ரயில் ஏறினால் ஆக்ரா 100 நிமிடம். காரே வேண்டாம்.

ஜூரோங்_ஆசிரியர்:
தம்பி காலாங், உங்கள் கோபம் கடை மேல் இருக்கிறது, அதைக் கைடு மேல் இறக்கிவைக்கிறீர்கள். கிளம்பும் முன்பே "கடைக்கு வரமாட்டோம்" என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதற்கு ஏஜென்ட் கொஞ்சம் விலை கூட்டினால் கொடுத்துவிடலாம். விலை குறைவாக இருப்பதே அந்தக் கமிஷனை நம்பித்தான்.

கைடு இல்லாமல் ஜெய்ப்பூர் ஜந்தர் மந்தரில், அந்தப் பழைய வானாய்வுக்கூடத்தில், நின்று பாருங்கள். வெயிலில் காயும் பெரிய பெரிய கட்டடங்கள், நடுவில் எங்கேயும் போகாத ஒரு படிக்கட்டு, அவ்வளவுதான். அங்கே எங்களுக்கு வாய்த்தவர் சம்ராட் யந்திரம் என்ற சூரியக் கடிகாரத்தின் வளைந்த பளிங்கு விளிம்பில் நிழல் விழும் இடத்தில் விரலை வைத்தார். "பேசாமல் பாருங்கள்" என்றார். நிழல் நகர்வது கண்ணுக்கே தெரிந்தது, நொடிக்கு ஒரு மில்லிமீட்டர். சுமார் 27 மீட்டர் உயரக் கருவி, 2 நொடி வரை நேரம் காட்டும். என் பேரன் கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு "தாத்தா, இது தப்பு" என்றான். ஏறக்குறைய அரை மணி நேரம் வித்தியாசம்! கைடு சிரித்துவிட்டு, இந்திய நேரம் வேறொரு தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, ஜெய்ப்பூர் அதற்கு மேற்கே இருக்கிறது, அந்த வித்தியாசத்தைக் கூட்டினால் சரியாக வரும் என்று விளக்கினார். சிங்கப்பூரில் சூரியன் உச்சிக்கு வருவது ஏன் 1 மணிக்கு என்று அன்றைக்குத்தான் பையனுக்குப் புரிந்தது.

1727இல் ஜெய்ப்பூரை உருவாக்கிய இரண்டாம் சவாய் ஜெய்சிங் இப்படிக் கணக்கில் பைத்தியமாக இருந்த மன்னர். நகரத் தெருக்களையும் கட்டம் கட்டமாகப் போட்டார். யூடியூபிலும் இதெல்லாம் இருக்கும்தான், ஆனால் பிள்ளை கேட்கிற கேள்விக்கு அது அந்த இடத்தில் நின்று பதில் சொல்லாது.

சுற்றுலா அமைச்சின் அடையாள அட்டை உள்ளவரா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

காலாங்_காற்று:
ஐயா, உங்களுக்கு அதிர்ஷ்டம். பத்துக் கைடுக்கு ஒருவர் அப்படி இருக்கலாம். மீதி ஒன்பதுக்கும் சேர்த்து செல்வி அக்கா காசு கொடுக்கணுமா?

தஞ்சை_மைந்தன்:
வடக்கே போய் மொழி தெரியாமல் ஏமாறுவானேன்? திருச்சிக்கு நேர் விமானம் இருக்கிறது. 1010இல் ராஜராஜன் கட்டி முடித்த பெரிய கோயில், பிறகு கங்கைகொண்ட சோழபுரம், தாராசுரம். கைடு வேண்டும் என்றாலும் தமிழிலேயே கேட்கலாம். தாஜ்மகால் வந்தது அதற்கெல்லாம் அறுநூறு வருடம் கழித்து. நம் பிள்ளைகள் முதலில் பார்க்க வேண்டியது எது?

செங்காங் செல்வி:
மைந்தன் அண்ணே, மாமனார் கும்பகோணத்துக்காரர். தஞ்சாவூருக்குக் கூட்டிப் போனால் அவரே கைடாகி எங்களை உட்கார விடமாட்டார். வருடா வருடம் அந்தப் பக்கம்தான் போகிறோம். "சாவதற்குள் தாஜ்மகாலைக் காட்டிவிடு" என்று மாமியார் கேட்டதால்தான் இந்தப் பேச்சே.

தஞ்சை_மைந்தன்:
அப்படியென்றால் சரி. மாமியார் சொன்னதற்கு மேல் அப்பீல் கிடையாது. 😀

பாசிர்ரிஸ்_ரசாக்:
எல்லோரும் ஆக்ராவையும் ஜெய்ப்பூரையும் பற்றியே பேசுகிறீர்கள். என்னை உறுத்துவது அந்தத் திட்டத்தில் இருக்கிற "செங்கோட்டை (வெளியிலிருந்து)" என்கிற வரி.

சிங்கப்பூரிலிருந்து போகிறவர்கள் எந்த இடத்தை விட்டாலும் அதை விடக்கூடாது. 1943 ஜூலை 5ஆம் தேதி நம் பாடாங் திடலில் நேதாஜி "டெல்லி சலோ" என்று முழங்கியபோது, எதிரே அணிவகுத்து நின்ற இந்திய தேசிய ராணுவம் (ஐஎன்ஏ) போய்ச் சேர வேண்டிய இடமாகச் சொன்னது இந்தச் செங்கோட்டையைத்தான். அக்டோபர் 21 அன்று கேத்தே கட்டடத்தில் சுதந்திர இந்தியாவின் தற்காலிக அரசாங்கத்தை அறிவித்தார். மலாயாத் தோட்டங்களில் பால் மரம் சீவிய தமிழர்கள் எத்தனையோ பேர் அந்தப் படையில் சேர்ந்தார்கள். ஜான்சி ராணிப் படையிலும் நம் பெண்கள் நிறையப் பேர். அதை நடத்திய கேப்டன் லட்சுமி சென்னையிலிருந்து வந்து சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துக்கொண்டிருந்தவர்.

படை டெல்லி போய்ச் சேரவில்லை. அதிகாரிகளைக் கைதிகளாகத்தான் கொண்டுபோனார்கள். 1945 நவம்பரில் ஷா நவாஸ் கான், சேகல், தில்லான் மூவர் மீதும் அதே கோட்டைக்குள் விசாரணை தொடங்கியது. ஒரு முஸ்லிம், ஒரு இந்து, ஒரு சீக்கியர். நாடே கொதித்தது. கோட்டைக்குள் பழைய ராணுவக் குடியிருப்பில் 2019இல் ஒரு அருங்காட்சியகம் திறந்திருக்கிறார்கள்.

நான் போனபோது கைடு முகலாயர் மண்டபங்களை மட்டும் காட்டிவிட்டு வாசலுக்கு நடக்கத் தொடங்கினார். "ஐஎன்ஏ எங்கே?" என்று கேட்டேன். நின்றார். "எந்த ஊர் நீங்கள்?" என்றார். சிங்கப்பூர் என்றதும் ஆளே மாறிவிட்டார். அவர் பெரியப்பா அந்தப் படையில் இருந்தவராம். அதற்கப்புறம் அவர் பேசியது எதுவும் மனப்பாடம் செய்த பேச்சு இல்லை. ஆக, கைடு நல்லவரா கெட்டவரா என்பதில் பாதி நாம் என்ன கேட்கிறோம் என்பதில் இருக்கிறது.

இங்கே நம் எஸ்பிளனேட் பூங்காவில் ஐஎன்ஏ நினைவிடக் கல்வெட்டு இருக்கிறது. கிளம்பும் முன் பிள்ளைகளை அங்கே ஒரு நடை கூட்டிப் போங்கள்.

காலாங்_காற்று:
ரசாக் பாய், இது நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் நீங்கள் படித்துவிட்டுப் போனீர்கள், அதனால் கேட்டீர்கள். படித்துவிட்டுப் போகிறவருக்குக் கைடு தேவையில்லை என்பதுதான் நான் சொல்வதும்.

நிம்மி:
இத்தனை பேர் இத்தனை நேரம் சண்டை போடுகிறீர்கள், அக்கா போட்ட திட்டத்தை ஒருவராவது படித்தீர்களா? தாஜ்மகால் வெள்ளிக்கிழமை மூடியிருக்கும். காலாங் சொல்லும் கதிமான் ரயில்கூட அதனால்தான் வெள்ளிக்கிழமை ஓடாது.

ஜூரோங்_ஆசிரியர்:
அட, ஆமாம்! எனக்கும் கண்ணில் படவில்லை.

செங்காங் செல்வி:
வயிற்றில் புளியைக் கரைத்துவிட்டாய் நிம்மி! உடனே ஏஜென்டுக்கு போன் போட்டேன். "அதனால் என்ன மேடம், மெஹ்தாப் பாக்கிலிருந்து பார்க்கலாம், போட்டோ அங்கேதான் நன்றாக வரும்" என்கிறார். ஆற்றுக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துவிட்டு வருவதற்கா மாமியாரை ஆறு மணி நேரம் விமானத்தில் உட்கார வைப்பது?

காலாங்_காற்று:
இதைவிட ஆதாரம் வேண்டுமா? இரண்டு மடங்கு காசு வாங்குகிறவருக்குத் தாஜ்மகால் எப்போது திறந்திருக்கும் என்று தெரியவில்லை. அல்லது தெரிந்தே போட்டிருக்கிறார்.

ஜூரோங்_ஆசிரியர்:
ஏஜென்ட் வேறு, கைடு வேறு தம்பி. ஆக்ராவில் இருக்கிற எந்தக் கைடும் இந்தத் திட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் சொல்லியிருப்பார்.

செல்வி, திட்டத்தைத் திருப்பிப் போடச் சொல்லுங்கள். புதன் டெல்லி, வியாழன் காலை ஜெய்ப்பூர், வெள்ளி முழுக்க ஜெய்ப்பூர். சனி ஆக்ராவுக்கு வரும் வழியில் ஆபாநேரி படிக்கிணறு, முடிந்தால் ஃபத்தேபூர் சிக்ரி. ஞாயிறு சூரிய உதயத்துக்குத் தாஜ்மகால். பிறகு யமுனா விரைவுச்சாலையில் டெல்லி, இரவு விமானம். ஞாயிறு கூட்டம் இருக்கும், ஆனால் விடியற்காலையில் சமாளிக்கலாம். ஆக்ரா கோட்டையை விட வேண்டியிருந்தால் விடுங்கள். ஷாஜகான் கடைசி எட்டு வருடம் மகன் ஔரங்கசீப்பின் சிறையில் இருந்து தாஜ்மகாலைப் பார்த்துக்கொண்டிருந்த கதையைக் காரிலேயே சொல்லிவிடலாம்.

நிம்மி:
டிக்கெட்டையும் பாருங்கள் அக்கா. மாமனார், மாமியார் கையில் இருப்பது இந்தியக் கடவுச்சீட்டா?

செங்காங் செல்வி:
ஆமாம். நாங்கள் நால்வரும் சிங்கப்பூர். ஓசிஐ (இந்திய வம்சாவளி வெளிநாட்டவருக்கான அட்டை) எடுக்கவில்லை.

நிம்மி:
அப்படியென்றால் இப்போதைய கட்டணத்தில் பெரியவர்களுக்கு ஆளுக்கு 50 ரூபாய், உங்கள் இருவருக்கும் ஆளுக்கு 1,100. கல்லறை மாடத்துக்குள் போக ஒவ்வொருவருக்கும் இன்னொரு 200. 15 வயதுக்குக் கீழே இலவசம். மொத்தம் 3,100 ரூபாய். ஆறு பேருக்கும் வெளிநாட்டவர் கட்டணம் போட்டால் 7,800. ஏஜென்ட் எதைப் போட்டிருக்கிறார் என்று கேளுங்கள். ஓசிஐ அட்டை இருந்தால் உங்களுக்கும் இந்தியர் கட்டணம்தான்.

செங்காங் செல்வி:
கேட்டேன். "எல்லாம் சேர்த்து ஒரே பேக்கேஜ் மேடம்" என்றார். அந்த ஆள் வேண்டாம் என்று கணவரும் நானும் முதல் தடவையாக ஒத்துப்போனோம். வண்டியும் ஓட்டுநரும் மட்டும் வேறு இடத்தில் பேசுகிறோம். கைடை அந்தந்த இடத்தில் அரை நாளுக்குப் பிடிப்பதாக யோசனை: செங்கோட்டை, ஜந்தர் மந்தர், தாஜ்மகால். மற்ற இடங்களுக்குக் கணவரும் யூடியூபும்.

காலாங்_காற்று:
மூன்று கைடு அதிகம். ஒன்று போதும்.

பாசிர்ரிஸ்_ரசாக்:
செங்கோட்டைக் கைடை வெட்டினால் நான் ஒத்துக்கொள்ளமாட்டேன்.

காலாங்_காற்று:
பாய், உங்களுக்காக இரண்டு. தாஜ்மகால் வாசலில் "அரசாங்க கைடு" என்று தானாக ஓடிவருகிறவரை மட்டும் பிடித்துவிடாதீர்கள் அக்கா. முதல் நாளே தங்குமிடத்தில் சொல்லி வையுங்கள்.

ஜூரோங்_ஆசிரியர்:
அது சரி. மாமியாருக்குச் சக்கர நாற்காலியும் அப்போதே சொல்லி வைத்துவிடுங்கள் அம்மா. வண்டியை வாசல் வரை விடமாட்டார்கள், பேட்டரி வண்டியில்தான் போக வேண்டும். அதற்கப்புறமும் வாசலிலிருந்து கல்லறை வரை தோட்டத்தின் நீளம் முழுவதும் நடை. ஜெய்ப்பூரில் ஆம்பேர் கோட்டைக்கு ஜீப் ஏறும், கவலையில்லை.

செங்காங் செல்வி:
நன்றி ஐயா. நாற்காலி என்றால் கோபித்துக்கொள்வார், அதற்கு யாராவது யோசனை சொல்லுங்கள்.