பாழ்மனையா, நோய்மனையா? ஒரு சொல் தேவை

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

அன்புள்ள குழுவினருக்கு,

நம் தென்னாப்பிரிக்கத் தமிழ்ச் செய்திமடலுக்கு ஒரு கட்டுரை எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆளில்லாமல் பாழாகக் கிடக்கும் வீடுகளையும் மனைகளையும் ஊருக்குப் பயன்படும்படி ஆக்குவது எப்படி என்பது பற்றி. பாதிக்கு மேல் அமெரிக்க அனுபவம். மூன்று சொல்லில் மாட்டிக்கொண்டேன்: ‘வேக்கன்ட்’ (vacant), ‘பிளைட்’ (blight), பாழான மனைகளை வாங்கி வைத்துப் பிறருக்குக் கொடுக்கும் அமைப்பான ‘லேண்ட் பேங்க்’ (land bank). இப்போதைக்கு ‘வெற்றிடச் சொத்து’, ‘நோயுற்ற சொத்து’, ‘நில வங்கி’ என்று போட்டு வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்த என் வீட்டுக்காரர், “இது என்ன, ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டா?” என்கிறார். வேறு சொல் இருந்தால் சொல்லுங்கள்.

டர்பனிலிருந்து:

அக்கா, வணக்கம்.

அத்தான் கேட்டது நியாயம்தான்.

முதல் சொல்லுக்கு மூளையைக் கசக்க வேண்டாம். தமிழ்நாட்டு நகராட்சிகளில் ‘காலிமனை வரி’ என்று ரசீதே போடுகிறார்கள். காலிமனை, காலிவீடு. முடிந்தது. ‘வெற்றிடம்’ இயற்பியல் பாடத்துக்கும் இரங்கல் கூட்டத்துக்கும் இருக்கட்டும்.

இரண்டாவதுதான் வம்பு. ‘பிளைட்’ முதலில் பயிருக்கு வரும் நோய். நெல்லில் வந்தால் இலைக்கருகல் என்போமே, அந்த வகை. அமெரிக்காவில் அதை நகரத்துக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஒரு தெருவுக்கு நோய் என்று பெயர் வைத்துவிட்டால் அடுத்த வேலை சுலபம்: பரவுவதற்குள் பிடுங்கி எறி. 1954-ல் வாஷிங்டன் நகர வழக்கு ஒன்றில் அந்த நாட்டு உச்ச நீதிமன்றம், பகுதி மொத்தமாகக் கெட்டிருந்தால் அதற்குள் நல்ல நிலையில் உள்ள கடையையும் சேர்த்தே எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டது. அந்தப் பகுதியில் குடியிருந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கறுப்பின மக்கள். நம் நாடு மட்டும் என்ன வாழ்ந்தது? 1934-ல் சேரி என்று சொல்லி இடிக்க வழிசெய்த சேரிகள் சட்டம், 1950-ல் எந்த இனம் எங்கே குடியிருக்கலாம் என்று பிரித்த குழுப் பகுதிகள் சட்டம். அதனால் ‘நோயுற்ற’ வேண்டாம் அக்கா. அந்தச் சொல்லுக்குப் பின்னாலேயே புல்டோசர் வரும்.

நான் இருக்கிற சாட்ஸ்வொர்த்தில், எங்கள் வீட்டுக்கு மூன்றாவது வீடு ஆறு வருஷமாகப் பூட்டிக் கிடக்கிறது. அங்கே இருந்த தாத்தாவும் ஆயாவும் போய்விட்டார்கள். பிள்ளைகள் நான்கு பேர், இரண்டு பேர் வெளிநாட்டில். பத்திரம் இன்னும் தாத்தா பெயரில். ரேட்ஸ் (நகராட்சி வரி) பாக்கியைத் தீர்த்துச் சான்று வாங்காமல் பெயர் மாற்ற முடியாது. பெயர் மாறாமல் விற்க முடியாது. விற்காமல் பாக்கி கட்டக் காசு கிடையாது. இதற்கிடையில் முதலில் தண்ணீர் மீட்டர் போனது, அப்புறம் செம்புக் குழாய், அப்புறம் ஜன்னல் சட்டங்கள். சிமென்ட் தரையைப் பிளந்துகொண்டு ஒரு மலைவேம்பு ஆள் உயரத்துக்கு நிற்கிறது. கூரையில் குரங்குக் குடும்பம், வாடகை இல்லாமல். ஆனால் கொல்லையில் ஆயா வைத்த கறிவேப்பிலை மரத்தில் இன்றைக்கும் தெருவே இலை பறிக்கிறது. நேற்று ரசத்துக்குப் போட்டதும் அதுதான். இந்த வீட்டுக்கு என்ன நோய் சொல்லுங்கள்? பாகம் பிரியவில்லை, அவ்வளவுதான்.

நம்மிடம் ‘பாழ்’ இருக்கிறது. பாழ் கிணறு, பாழ் மண்டபம். ‘பாழ்மனை’ என்று வைப்போம். இருக்கிற நிலையை மட்டும் சொல்லும், காரணம் சொல்லாது. காரணத்துக்கு வேறு சொற்கள் வேண்டும். ஆங்கிலம் எல்லாவற்றையும் ஒரே சாக்கில் கட்டிவிடுகிறது, நாமும் அப்படியே கட்ட வேண்டியதில்லை.

உரிமையாளர் தானே விட்டுப் போனதென்றால் ‘கைவிட்ட மனை’. ‘கைவிடப்பட்ட’ என்று எழுதினால் யார் விட்டது என்பது மறைந்துபோகும். இது வெறும் இலக்கணப் பிடிவாதம் இல்லை. 2025 ஜனவரியில் கையெழுத்தான நிலமெடுப்புச் சட்டத்தில், இழப்பீடே இல்லாமல் எடுப்பது நியாயமாகலாம் என்று சொல்லியிருக்கும் சூழல்களில் ஒன்று, தன் கட்டுப்பாட்டில் வைத்துக்கொள்ள முடிந்தும் உரிமையாளர் நிலத்தைக் கைவிட்டிருப்பது. ‘முடிந்தும்’ என்பதில்தான் மொத்த வழக்கும் நிற்கும். மேலே சொன்ன தாத்தா வீடு பாழ்மனை. கைவிட்ட மனையா? வக்கீல்கள் சண்டை போடட்டும்.

எங்கள் டர்பனின் கேட்டோ மேனர் இந்த இரண்டிலும் அடங்காது. அங்கே இந்தியர்கள் காய்கறித் தோட்டம் போட்டிருந்தார்கள், அவர்களுடைய நிலங்களில் ஆப்பிரிக்கக் குடும்பங்கள் வாடகைக்கு இருந்தன. ஐம்பதுகளின் கடைசியிலும் அறுபதுகளிலும் அந்த ஆப்பிரிக்கக் குடும்பங்களை ஆப்பிரிக்கர் குடியிருப்புகளான க்வாமாஷுவுக்கும் உம்லாஸிக்கும், நம்மவர்களைச் சாட்ஸ்வொர்த்துக்கும் அனுப்பிவிட்டு, நகரத்தை ஒட்டிய அவ்வளவு நிலத்தையும் பல ஆண்டுகள் புதராக விட்டார்கள். கோயில்கள் சில மட்டும் நின்றன. கேப் டவுனில் டிஸ்ட்ரிக்ட் சிக்ஸும் அப்படித்தான். 1966 பிப்ரவரியில் வெள்ளையர் பகுதி என்று அறிவித்து, 60,000 பேருக்கு மேல் வெளியேற்றினார்கள். இடித்த நிலத்தில் பெரும் பகுதி இன்னும் வெறும் புல். இதைக் கைவிட்ட நிலம் என்று யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வரும். சோழர் கல்வெட்டுகளில் ‘குடிநீங்காத் தேவதானம்’ என்று வரும். நிலத்தைக் கோயிலுக்கு எழுதிக் கொடுத்தாலும் உழுத குடி அங்கேயே இருக்கும். குடியை எழுப்பிவிட்டுக் கொடுத்தால் ‘குடிநீக்கி’. ஆயிரம் வருஷத்துக்கு முன்னாலேயே பிரித்துச் சொல்லியிருக்கிறார்கள். ‘குடிநீக்கிய நிலம்’ என்று தாராளமாக எழுதுங்கள்.

இனி, பயனுக்குத் திருப்பிக் கொண்டுவருவது. ‘மீட்பு’ என்று எழுதத் தோன்றும், ஆனால் இந்த நாட்டில் அது முன்பதிவான இருக்கை. 1994-ன் நில உரிமை மீட்புச் சட்டம் பறிகொடுத்தவருக்குத் திருப்பித் தருவது பற்றியது. கேட்டோ மேனரில் உரிமை கோரிய பலருக்கு நிலம் வரவில்லை, பணம்தான் வந்தது. பாழ்மனையில் விளையாட்டுத் திடல் போடுவதையும் மீட்பு என்றால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? ‘மறுவாழ்வு’ போதைப் பழக்கத்துக்கும் அகதி முகாமுக்கும் போய்விட்டது. ‘புனரமைப்பு’ என்றால் சுவர் பூசுவதோடு நின்றுவிடும்.

என் ஓட்டு ‘திருத்தல்’. காடு திருத்திக் கழனி ஆக்கினான் என்று சொல்கிறோம் இல்லையா. 1860 நவம்பர் 16-ல் மதராஸிலிருந்து ‘ட்ரூரோ’ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக டர்பனில் வந்து இறங்கிய 342 பேரும் அவர்களுக்குப் பின்னால் வந்தவர்களும் கரும்புக்காகவும் அப்புறம் தங்கள் காய்கறிக்காகவும் இங்கே செய்த வேலைக்குத் தமிழில் அதுதான் பெயர். பாழ்மனை திருத்தல். ‘திருத்தம்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள், அச்சுப்பிழை என்று நினைப்பார்கள்.

‘நில வங்கி’யும் ஆகாது. இங்கே 1912-லிருந்து அந்தப் பெயரில் விவசாயிகளுக்குக் கடன் கொடுக்கும் அரசு வங்கி இருக்கிறது. தமிழ்நாட்டில் நிலவள வங்கி என்றாலும் கடன்தான். உங்கள் கட்டுரையில் வருவதோ கடனே கொடுக்காத அமைப்பு. 1971-ல் செயின்ட் லூயிஸில் தொடங்கியது. பிளின்ட் நகரத்தைப் பாருங்கள். கார்த் தொழிற்சாலைகள் போக, 1960-ல் ஏறத்தாழ 1,97,000 ஆக இருந்த மக்கள்தொகை 2020-ல் 81,000. மிச்சிகன் மாநிலத்தில் அதுவரை வரி கட்டாத வீடு கைமாற ஆறேழு வருஷம் இழுக்கும், அதற்குள் வீடு குட்டிச்சுவர். 1999-ல் ஒரு சட்டம் போட்டு அதை இரண்டு மூன்று வருஷமாகச் சுருக்கினார்கள். அப்படிக் கைக்கு வந்த மனைகளை வாங்கி வைத்து, இடிப்பதை இடித்து, பக்கத்து வீட்டுக்காரருக்கோ தோட்டம் போடுகிறவருக்கோ கொடுக்கத்தான் அந்த அமைப்பு. வாங்கி வைத்து எடுத்துக் கொடுக்கும் இடம் நமக்குக் களஞ்சியம். ‘மனைக் களஞ்சியம்’ எப்படி?

ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து:

அண்ணா, நன்றாக இருக்கிறது, ஆனால் இரண்டு இடத்தில் இடிக்கிறது.

காலியும் பாழும் எங்கள் ஊரில் ஒன்றாக வராது. 2023 ஆகஸ்ட் 31 அதிகாலையில் மார்ஷல்டவுனில் எரிந்த உசின்டிசோ கட்டடம் நகராட்சிக்குச் சொந்தமானது. ஒரு காலத்தில் கறுப்பினத் தொழிலாளர்கள் பாஸ் (நகரத்தில் இருப்பதற்கான அனுமதிச் சீட்டு) வாங்க வரிசையில் நின்ற அலுவலகம். எரிந்தபோது உள்ளே நூற்றுக்கணக்கானவர்கள் தட்டி வைத்துத் தடுத்துக் குடியிருந்தார்கள், 70-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதைக் ‘ஹைஜாக்’ கட்டடம், அதாவது உரிமை இல்லாதவர்கள் கைப்பற்றி வாடகை பறிக்கும் கட்டடம் என்றார்கள். தமிழ்ச் செய்தி ஒன்றில் ‘கடத்தப்பட்ட கட்டடம்’ என்று படித்தேன். நாலு மாடியை யார் எப்படிக் கடத்துவார்கள்?

அப்புறம், ‘பாழாய்ப்போன’ என்பது எங்கள் பாட்டியின் திட்டு. என் வீட்டு வாசலில் வந்து ‘பாழ்மனை’ என்று நோட்டீஸ் ஒட்டினால் நான் அடிக்கத்தான் போவேன்.

டர்பனிலிருந்து:

தம்பி, ‘கடத்தப்பட்ட’ அபாரம்! தமிழ்நாட்டுப் போலீஸில் நில அபகரிப்புக்குத் தனிப் பிரிவே உண்டு, அந்தச் சொல் போதும்: ‘அபகரித்த கட்டடம்’. ஆனால் வாடகை பறிக்கிறவன்தான் அபகரித்தவன். உள்ளே இருந்தவர்கள் வாடகை கொடுத்தவர்கள். சொல் அவர்கள் தலையில் விழாமல் பார்த்து எழுத வேண்டும்.

நோட்டீஸ் விஷயத்தில் தோற்றேன். இங்கே டர்பன் நகராட்சியின் 2015 துணைச்சட்டத்தில் இருப்பது ‘பிராப்ளம் பில்டிங்’. அதைச் ‘சிக்கல் கட்டடம்’ என்றால் நாகப்பட்டினத்துக்காரர்கள் தங்கள் பக்கத்துச் சிக்கல் கோயில் சிங்காரவேலரைத் தேடிக்கொண்டு வருவார்கள். நோட்டீஸுக்குக் ‘கவனிப்பில்லாத கட்டடம்’. ஆள் உள்ளே இருந்தாலும் பொருந்தும், திட்டாகவும் இருக்காது, கவனிக்க வேண்டியவர் யார் என்ற கேள்வியும் உள்ளேயே இருக்கும். கட்டுரைக்குப் பாழ்மனை இருக்கட்டும்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து:

காலிமனை, பாழ்மனை, கைவிட்ட மனை, குடிநீக்கிய நிலம், கவனிப்பில்லாத கட்டடம், திருத்தல் எல்லாம் எடுத்துக்கொண்டேன். களஞ்சியத்தில் மட்டும் மனம் ஒப்பவில்லை. கணினிக்காரர்கள் மென்பொருள் வைக்கும் இடத்துக்கு அதை எடுத்துக்கொண்டார்கள். பிளின்ட்டிலும் டெட்ராய்ட்டிலும் வாங்கிய வேகத்தில் கொடுக்க முடியவில்லை என்பதுதான் என் கட்டுரையில் பாதி. புழுத்துப்போகும் வரை வைத்திருந்தாலும் களஞ்சியம்தானே? வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது, அதற்குள் யாருக்காவது வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள். இல்லாவிட்டால் ‘லேண்ட் பேங்க்’ என்றே விட்டுவிடுவேன்.

டர்பன் தம்பி, அந்தக் கறிவேப்பிலை மரத்தடியில் கன்று ஏதும் முளைத்திருந்தால் ஒன்று பிடுங்கி வையுங்கள். இந்த ஊர்க் குளிரில் என்னுடையது பட்டுப்போயிற்று.