ஜிபிபியில் '-பி'யும் '-எஸ்'ஸும் மோதுகின்றன. நான் '-பி' கொடுக்கவே இல்லை

கேள்வி

வணக்கம். தமிழ் அகராதிக் கோப்புகள் அடங்கிய ஒரு சிறிய டெபியன் (லினக்ஸ் இயங்குதளம்) பொதியைப் பராமரிக்கிறேன். கிட் களஞ்சியத்திலிருந்து பொதி கட்ட ஜிபிபி என்ற கருவியைப் பயன்படுத்துகிறேன். நேற்றிரவு மூலப்பொதியை (மூலக் கோப்புகளின் பொதியை) மட்டும் கட்டலாம் என்று 'ஜிபிபி பில்ட்பேக்கேஜ் -எஸ்' (பெரிய எஸ்) கொடுத்தேன். பைனரியை (நிறுவத் தயாரான பொதியை) மட்டும் கட்டச் சொல்லும் '-பி'யையும் '-எஸ்'ஸையும் சேர்க்க முடியாது என்று நின்றுவிட்டது. ஆணை வரியை எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டேன், ஷெல்லின் மாற்றுப்பெயர்களையும் அலசிவிட்டேன். அந்தச் சிறிய பி எங்கிருந்து வருகிறது?

மறுமொழி 1

உங்கள் வீட்டு அடைவில் ஜிபிபியின் அமைப்புக் கோப்பு இருக்கும். புள்ளியில் தொடங்கும் பெயர் என்பதால் சாதாரணப் பட்டியலில் கண்ணுக்குப் படாது. அதில், கட்டும் வேலையை எந்த ஆணையிடம் ஒப்படைப்பது என்று சொல்லும் 'பில்டர்' வரியைப் பாருங்கள். ஜிபிபி தனக்குரியது அல்லாத தெரிவுகளை அந்த வரியின் வாலில் அப்படியே ஒட்டி அனுப்பிவிடும். '--கிட்-வெர்போஸ்' சேர்த்து ஓட்டினால், அது உண்மையில் அழைக்கும் ஆணை திரையில் வரும்.

கேட்டவர்

அகப்பட்டது! 'பில்டர் = டிபிகேஜி-பில்ட்பேக்கேஜ் -பி -யுஎஸ் -யுசி'. டெபியனின் அடிப்படைப் பொதிக் கருவியான டிபிகேஜியை அழைக்க, சென்ற ஆண்டு பைனரியை மட்டும் திரும்பத் திரும்பக் கட்டிச் சோதித்தபோது நானே எழுதிய வரி. '-பி'யை நீக்கினேன், மூலப்பொதி வந்துவிட்டது. மிக்க நன்றி.

இன்னொன்று கேட்கிறேன். சி மொழி நிரல்பெயர்ப்பியான ஜிசிசியில், நிரலை எவ்வளவு மேம்படுத்துவது என்று சொல்லும் '-ஓ2'க்குப் பின்னால் '-ஓ0' வந்தால் பின்னதுதான் செல்லும். இங்கும் அப்படியே வைத்திருக்கலாமே?

மறுமொழி 2

வேண்டவே வேண்டாம். '-ஓ' ஒரே பொருளின் அளவு. இரண்டு முறை சொன்னால் பிந்தையதை எடுப்பதில் நியாயம் உண்டு. பைத்தான் பொதிகளை நிறுவும் பிப்பிலும், பைனரி வேண்டாம் என்னும் '--நோ-பைனரி', பைனரி மட்டும் என்னும் '--ஒன்லி-பைனரி' இரண்டிலும் ஒரே பெயர் வந்தால் பிந்தையதே நிற்கும். ஆனால் '-பி', '-எஸ்' இரண்டும் வெளியே எது வர வேண்டும் என்பதையே தீர்மானிக்கின்றன. வரிசை மாறியதால் மூலத்துக்குப் பதில் பைனரி உருவாகி, அதை நீங்கள் கவனிக்காமல் பதிவேற்றினால் என்ன ஆகும்? 2019 ஜூலைக்குப் பிறகு, பராமரிப்பாளர் தம் கணினியில் கட்டிய பைனரி டெபியனின் சோதனைக் கிளைக்குள் (அடுத்த வெளியீடு உருவாகும் இடத்துக்குள்) நுழைவதில்லை. பொதி ஏன் நகரவில்லை என்று பத்து நாள் கழித்துத் தேடிக்கொண்டிருப்பீர்கள். உடனே மறுப்பதுதான் கருவி உங்களுக்குக் காட்டும் மரியாதை.

மூலமும் பைனரியும் சேர்ந்து வேண்டுமென்றால் அதற்கும் முறையான வழி இருக்கிறது. டிபிகேஜி 1.18.5 முதல் '--பில்ட்=' என்ற தெரிவில் வகைகளைக் காற்புள்ளியிட்டு அடுக்கலாம். உங்களுடையது அகராதி, எந்தச் செயலிக் கட்டமைப்பையும் சாராதது. ஆகவே 'சோர்ஸ்,ஆல்' போதும். அதையும் அமைப்புக் கோப்பில் நிரந்தரமாக எழுதிவிடாதீர்கள். தேவைப்படும் நாளில் '--கிட்-பில்டர்' வழியாக ஆணை வரியிலேயே கொடுங்கள். கோப்பில் உள்ளதை அது மேவிவிடும்.

கேட்டவர்

இப்போதுதான் அப்படி ஓட்டினேன். மேலடைவில் மூலப்பொதியின் '.டிஎஸ்சி' ஒன்றும் பைனரியான '_ஆல்.டெப்' ஒன்றும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன.