மகனையும் சேர்த்து நிரந்தரவாசத்துக்கு விண்ணப்பிக்கலாமா?

செங்காங் செல்வி:
சிங்கப்பூருக்கு வந்து பத்தாண்டுக்கு மேலாகிறது. கணவருக்கு வேலைக்கான எம்ப்ளாய்மென்ட் பாஸ், எனக்கும் பிள்ளைகளுக்கும் அவரைச் சார்ந்து தங்குவதற்கான டிபெண்டன்ட் பாஸ். மகனுக்குப் பதினொரு வயது, மகளுக்கு ஏழு. தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த நிரந்தரவாச விண்ணப்பத்தை இந்த ஆண்டு போட்டுவிடலாம் என்கிறார் கணவர். மகனைச் சேர்த்தால் அவனுக்குத் தேசிய சேவை, அதாவது இராணுவம் முதலான படைகளில் பணி, கட்டாயம். அவனை விட்டுவிட்டு நாங்கள் மூவர் மட்டும் விண்ணப்பிக்கலாமே என்று உறவினர் ஒருவர் யோசனை சொல்கிறார். எனக்கு ஒன்றும் ஓடவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

தெம்பனிஸ் தகப்பன்:
நால்வருமாகவே போடுங்கள், சகோதரி. உங்கள் குடும்பம் முழுவதும் இன்று ஒரே ஒரு வேலையைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறது. அந்த வேலை போனால், பாஸ் ரத்தான நாளிலிருந்து ஏறக்குறைய முப்பது நாள்தான் அவகாசம். அதற்குள் வேறு வேலை தேட வேண்டும், இல்லையேல் பள்ளி ஆண்டின் நடுவில் பிள்ளைகளோடு கிளம்ப வேண்டும். வேலை நிலைத்தாலும் மகனுக்கு 21 வயதானதும் டிபெண்டன்ட் பாஸ் முடிந்துவிடும். உங்கள் நிலைமையும் அப்படித்தான். 2021 மே மாதத்திலிருந்து டிபெண்டன்ட் பாஸில் இருப்பவர் வேலை பார்க்கத் தனியாக வேலை அனுமதி வாங்க வேண்டும். நிரந்தரவாசிக்கு இந்தக் கவலை எதுவும் இல்லை.

கடல்தாண்டி:
எல்லாரும் பெற்றோரின் பக்கத்திலிருந்தே பேசுவதால், பிள்ளையின் பக்கத்திலிருந்து நான் எழுதுகிறேன். என் பெற்றோர் கையெழுத்துப் போட்டபோது நான் தொடக்கப்பள்ளியில் இருந்தேன். தேசிய சேவைக்குப் பதிவு செய்யச் சொல்லி பதினாறரை வயதில் கடிதம் வந்த அன்றுதான், இப்படி ஒன்று இருக்கிறது என்று வீட்டில் உட்கார வைத்துச் சொன்னார்கள். முழுநேரச் சேவை இரண்டு ஆண்டு. என்னோடு படித்த பெண்கள் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் போனபோது நான் முதலாம் ஆண்டில் சேர்ந்தேன். இரண்டு ஆண்டோடு முடிந்துவிடுவதும் இல்லை. அதன் பிறகு பத்தாண்டுச் சுழற்சியில் போர்க்காலப் படைப் பயிற்சி, ஆண்டுக்கு 40 நாள் வரை அழைக்கலாம். அதிகாரி அல்லாதவருக்கு 40 வயது வரை இந்தக் கடமை உண்டு, அதிகாரிக்கு 50 வரை.

இதில் எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று உண்டு. முதன்மை விண்ணப்பதாரரான தந்தைக்கு விலக்கு. சுமை முழுக்க மகன் தோளில். பெரியவர்கள் எடுக்கும் முடிவுக்குச் சிறுவன் ஏன் விலை கொடுக்க வேண்டும்?

தெம்பனிஸ் தகப்பன்:
தம்பி, உங்கள் வீட்டில் முன்பே சொல்லியிருக்க வேண்டும், அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ‘விலை’ என்ற சொல் எனக்கு ஏற்புடையதாக இல்லை. என் மகன் இராணுவப் பயிற்சித் தீவான புலாவ் தெக்கோங்கில் அடிப்படைப் பயிற்சி முடித்தவன். சேர்ந்த அன்று எங்களையும் படகில் தீவுக்கு அழைத்துப்போய், படுக்கும் இடத்தைக் காட்டி, அங்கேயே சாப்பாடும் போட்டார்கள். அதுவரை போர்வையைக்கூட மடிக்காதவன், ஞாயிறு மாலையானால் சீருடையைத் தானே இஸ்திரி போட்டுப் பையில் அடுக்குவான். சீனர், மலாய்க்காரர், தமிழர் என்று ஒரே கொட்டகையில் கிடந்து எழுந்த பிறகுதான் அவனுக்கு இந்த ஊர் சொந்த ஊரானது. அதற்கு முன்பு வரை, நான் வேலை பார்க்கும் ஊர் என்றுதான் நினைத்திருந்தான்.

கடல்தாண்டி:
ஐயா, சேவையை நான் குறை கூறவில்லை. என் நெருங்கிய நண்பர்கள் அங்கே கிடைத்தவர்கள்தான். கேட்காமல் செய்ததைத்தான் குறை கூறுகிறேன். இன்னொன்றையும் பாருங்கள். நிரந்தரவாசம் குடியுரிமை ஆகாது. வெளிநாடு போய் நிரந்தரவாசியாகவே திரும்பி வருவதற்கான மறுநுழைவு அனுமதியைப் பெரும்பாலும் ஐந்தாண்டுக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தே தர வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை.

ஜூரோங் வாசுகி:
மகனை விட்டுவிட்டுப் போடும் யோசனையைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லை. அதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். பெற்றோரும் தங்கையும் நிரந்தரவாசி, அவன் ஒருவன் மட்டும் வெளிநாட்டவன். அரசுப் பள்ளியில் தங்கைக்குக் கட்டுவதைப் போல மூன்று மடங்குக்கு மேல் அவனுக்குக் கட்டணம். பள்ளியில் இடம் தருவதிலும் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் முதலில், அவன் கடைசியில். பக்கத்து வீட்டுப் பையன் இராணுவச் சீருடை போட்டுக்கொண்டு போகிறான். அதே மாடியில் சலுகைகளை மட்டும் வாங்கிக்கொண்டு நம் பிள்ளையை ஒதுக்கி வைத்தால், அந்தத் தாயின் முகத்தை மின்தூக்கியில் எப்படிப் பார்ப்பது?

கடல்தாண்டி:
இதில் வாசுகி அம்மா சொல்வதை அப்படியே ஏற்கிறேன். பிரித்துப் போடாதீர்கள். அவனுக்கு விவரம் தெரியும்வரை பொறுத்திருங்கள் என்பதே என் கட்சி.

ஜூரோங் வாசுகி:
பொறுப்பது சுலபம் என்று நினைக்காதீர்கள். 2008இல் 79,167 பேருக்கு நிரந்தரவாசம் தந்தார்கள். என் அண்ணன் குடும்பம் அப்போது “அடுத்த ஆண்டு பார்க்கலாம்” என்று இருந்துவிட்டது. 2010இல் அந்த எண்ணிக்கை 29,265. அவர்களுக்கு நிராகரிப்புக் கடிதம்தான் வந்தது, காரணம் எதுவும் அதில் இல்லை. வீட்டுக் கணக்கும் இதே கதைதான். கணவன், மனைவி இருவரும் நிரந்தரவாசியாகி மூன்று ஆண்டு ஆனால்தான் மறுவிற்பனையில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு வாங்க முடியும். ஒவ்வோர் ஆண்டு தள்ளும்போதும் வாடகைதான் கூடுகிறது. வெளிநாட்டவராகவே தனியார் வீடு வாங்கலாம் என்றால், 2023 ஏப்ரலிலிருந்து கூடுதல் முத்திரைத் தீர்வை என்ற வரியே வீட்டு விலையில் 60 விழுக்காடு. முதல் வீடு வாங்கும் நிரந்தரவாசிக்கு அது 5 விழுக்காடுதான்.

செங்காங் செல்வி:
எல்லாருக்கும் நன்றி. இன்னொரு கேள்வி. இப்போது சேர்த்துவிட்டு, பதினேழு வயதில் அவன் வேண்டாம் என்றால் நிரந்தரவாசத்தைத் துறந்துவிட முடியாதா? கணவர் அப்படித்தான் சமாதானம் சொல்கிறார்.

தெம்பனிஸ் தகப்பன்:
அந்த எண்ணத்தோடு மட்டும் போடாதீர்கள். துறக்கலாம். ஆனால் சேவை செய்யாமல் துறந்தவன் பின்னாளில் இங்கே படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால், அது அவனுக்கு எதிராக நிற்கும் என்று அரசாங்கம் வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறது. உங்கள் மறுநுழைவு அனுமதியைப் புதுப்பிப்பதையும் அது பாதிக்கலாம். துறக்காமல், சேவைக்கும் வராமல் வெளிநாட்டிலேயே தங்கிவிட்டால் இன்னும் மோசம். தேசிய சேவைக்கான சேர்க்கைச் சட்டப்படி 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். இப்போதே நினைவில் வையுங்கள்: பதின்மூன்று வயதுக்கு மேல் மூன்று மாதமோ அதற்கு அதிகமாகவோ அவன் வெளிநாட்டில் தங்குவதென்றால் வெளிச்செல்லும் அனுமதி வாங்க வேண்டும். தாத்தா பாட்டியோடு ஓர் ஆண்டு இருந்து படிக்கட்டும் என்று நினைத்த மாத்திரத்தில் அனுப்பிவிட முடியாது.

கடல்தாண்டி:
இதில் ஐயா சொல்வதற்கு மேல் நான் சேர்க்க எதுவும் இல்லை. செல்வி அக்கா, பதினொரு வயதுப் பையனுக்கு எல்லாம் புரியாது என்று நினைத்துவிடாதீர்கள். இரண்டு ஆண்டு என்றால் என்ன, பிறகு பத்தாண்டு அழைப்பு என்றால் என்ன என்று சொன்னால் அவனுக்கு விளங்கும். எனக்கு விளங்கியிருக்கும்.

செங்காங் செல்வி:
கணவரும் இதையெல்லாம் படித்துவிட்டார். மகனைப் பிரித்துப் போடுவதில்லை என்று இருவரும் முடிவு செய்துவிட்டோம். வரும் பள்ளி விடுமுறையில் அவனிடம் முழுவதும் சொல்லப்போகிறோம். இராணுவம் என்றதும் துள்ளிக் குதிப்பான். அந்தத் துள்ளலைச் சம்மதமாக எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. ஆகவே நாற்பது வயது வரை உள்ள கணக்கையும் சேர்த்தே சொல்வேன். அதன் பிறகும் அவன் தயங்கினால் விண்ணப்பம் காத்திருக்கட்டும், வாடகை கூடினாலும் சரி.

ஜூரோங் வாசுகி:
சொல்லுங்கள். அதுவரை சும்மா இராமல் தாள்களைத் திரட்டத் தொடங்குங்கள். பிறப்புச் சான்றிதழ் தமிழில் மட்டும் இருந்தால் ஆங்கில மொழிபெயர்ப்பும் வேண்டும், அதற்கே நாள் பிடிக்கும். ஆளுக்கு 100 வெள்ளிக் கட்டணம், நிராகரித்தாலும் திரும்பக் கிடைக்காது. அடுத்த ஆண்டு உங்கள் மகனுக்குத் தொடக்கப்பள்ளி இறுதித்தேர்வு வேறு இருக்கிறது. பேச வேண்டியதை அதற்கு முன்பே பேசிவிடுங்கள்.