லிம்னேயா நியூரான் டிஷ்ஷில் ஒட்டுகிறது, முளைக்க மாட்டேன் என்கிறது

குளத்துநத்தை:
லிம்னேயா ஸ்டாக்னாலிஸ் நத்தையின் வலது பெடல் முடிச்சில் (நரம்புச் செல்கள் திரண்ட இடம்) உள்ள பெரிய டோபமைன் நியூரானைப் பிரித்து, பாலி-எல்-லைசின் பூசிய டிஷ்ஷில் வைத்தால் நன்றாக ஒட்டுகிறது. ஆனால் 2 நாள் கழித்தும் உருண்டையாகவே கிடக்கிறது, முளையே இல்லை. மீடியம்: பாதிச் செறிவு எல்-15 (செல் வளர்ப்புக் கரைசல்), லிம்னேயா உப்புகள், ஜென்டமைசின், பி.எச். 7.9. உடம்புக்குள் நரம்பை நசுக்கினால் தானாக வளர்கிறதே, டிஷ்ஷில் மட்டும் என்ன குறை? உடம்பில் வளர்வது பழைய நியூரானின் ஆக்ஸான்தானா (செல்லிலிருந்து நீளும் இழை) என்று எப்படி உறுதிசெய்வது?

முடிச்சவிழ்ப்பான்:
குறை மீடியத்தில்தான். வெறும் மீடியத்தில் செல் உயிரோடு இருக்கும், அவ்வளவுதான். முளைக்க வேண்டுமானால் முடிச்சுகளிலிருந்து கசியும் வளர்ச்சிக் காரணிகள் வேண்டும். உடம்புக்குள் அவை கூடவே இருக்கின்றன.

கண்டிஷன்டு மீடியம் (அந்தக் காரணிகள் கசிந்து கலந்த மீடியம்) தயார் செய்யுங்கள். மூளை வளையங்களை (முடிச்சுகள் வளையமாகச் சேர்ந்த நத்தை மூளை) எடுத்து, ஜென்டமைசின் கலந்த சலைனில் பலமுறை கழுவி, 1 மி.லி. மீடியத்துக்கு 2 வளையம் என்ற கணக்கில், சிலிக்கான் பூச்சுள்ள கண்ணாடி டிஷ்ஷில் 3-4 நாள் ஊறவிடுங்கள். பூச்சில்லாவிட்டால் காரணிகள் கண்ணாடியிலேயே ஒட்டிக்கொள்ளும். மீதியை -20 டிகிரியில் உறையவைக்கலாம்.

ட்ரிப்சினையும் (உறையைத் தளர்த்தும் நொதி) கவனியுங்கள். வெளியுறையைக் கையால் நீக்கியபின் 2 மி.கி./மி.லி. செறிவில் 20 நிமிடத்தை ஒட்டி, பிறகு அதே செறிவில் ட்ரிப்சின் தடுப்பானில் 10 நிமிடம். நேரம் கூடினால் உறிஞ்சும்போதே செல் வெடிக்கும். குறைந்தால் உள்ளுறை விடாது, ஆக்ஸான் செல்லுடலை ஒட்டியே அறுந்துவிடும். ஓரளவு நீளமான அடிக்கட்டையோடு வரும் செல்தான் சீக்கிரம் முளைக்கும். பிரித்தெடுக்கும்போது மட்டும் குளுக்கோஸ் சேர்த்து 180-195 மில்லிஆஸ்மோலில் (கரைபொருள் செறிவின் அளவு) வையுங்கள். சாதாரண மீடியம் 130-145 போதும். டிஷ்ஷில் வைத்தபின் இரவு முழுக்க அசைக்கவே கூடாது. எல்லாம் சரியென்றால் ஒரு நாளுக்குள் வளர்முனைகள் விசிறிபோல விரிவதைப் பார்க்கலாம்.

உறைநீக்கி:
இரண்டாவது கேள்விக்கு: நசுக்குவதையும் வெட்டுவதையும் ஒன்றாக எண்ணவேண்டாம். நசுக்கினால் ஆக்ஸான் அறும், உறை தப்பிக்கும், வளர்முனைக்கு அதுவே வழிகாட்டி. வெட்டினால் முனைகள் விலகும், ஆக்ஸான்கள் வேறு நரம்புக்குள் புகுவதும் உண்டு.

உறுதிசெய்ய பேக்ஃபில்தான் (வெட்டிய முனை வழியே தடப்பொருளை ஏற்றிச் செல்லுடலைக் கண்டறிவது) நம்பகமான வழி. நசுக்கிய இடத்துக்கு அப்பால் நரம்பை வெட்டி, அந்த முனையை வாஸலினால் கட்டிய சிறு கிண்ணத்தில் உள்ள பயோசைட்டின் என்ற தடப்பொருளில் 4 டிகிரியில் இரவு முழுக்க விடுங்கள். முடிச்சில் நிறமேறிய செல்லுடல்களை எண்ணுங்கள். நசுக்கிய உடனேயே எடுத்த சில நத்தைகளிலும் இதைச் செய்யவேண்டும். அவற்றில் நிறம் ஏறினால் நசுக்கியது அரைகுறை, பிறகு காணும் 'மீள்வளர்ச்சி'க்குப் பொருளே இல்லை. பலர் விட்டுவிடுவது இந்தக் கன்ட்ரோலைத்தான். நடத்தை திரும்பியதை மட்டும் சான்றாகக் கொள்ளாதீர்கள், தப்பிப் பிழைத்த வேறு பாதைகளும் அதே வேலையைச் செய்துவிடும்.

ஈரநிலம்:
ஒரு சேர்க்கை. மேலே பேசியதெல்லாம் பழைய நியூரான் புது ஆக்ஸான் விடுவது. புது நியூரானே பிறப்பது வேறு கதை. லைமாக்ஸ் என்ற ஓடில்லா நத்தையில் மணமறியும் புரோசெரிப்ரம் மடலைச் சேதப்படுத்தினால் ஒரு மாத அளவில் அது தானாக மீள்கிறது, மணம் கற்கும் திறனும் திரும்புகிறது (ஜப்பானிய ஆய்வு, 2010). அந்த மடலில் முதிர்ந்த விலங்கிலும் நியூரான்கள் பிறந்துகொண்டிருப்பதால் இது கைகூடுகிறது. லிம்னேயாவின் பெரிய நியூரான்கள் ஒவ்வொன்றும் தனித்தனி, செல்லுடலே செத்தால் பக்கத்துச் செல் அந்த இடத்துக்கு வராது. ஆகவே நசுக்கும்போது இடுக்கி முடிச்சுக்கு மிக அருகில் போகவேண்டாம்.