ஒரு மாறி 0-1, இன்னொன்று தொடர்ச்சி: எப்படி வரைவது?

அரைவேக்காடு: 600 பேரின் தரவு. படித்த மணிநேரம் ஒரு பத்தியில், தேர்ச்சி 1 / தோல்வி 0 இன்னொன்றில். சிதறல் படம் போட்டால் மேலே ஒரு கோடு, கீழே ஒரு கோடு. ஒட்டுறவு (இரண்டும் எவ்வளவு சேர்ந்து நகர்கின்றன என்ற அளவு) 0.31. இதை எப்படிக் காட்டுவது?

பெட்டிப்பிரியன்: தேறியவர்களுக்கு ஒன்று, தோற்றவர்களுக்கு ஒன்று என இரண்டு பாக்ஸ் பிளாட் (மதிப்புகளின் பரவலைப் பெட்டியாகக் காட்டும் படம்) பக்கத்தில் பக்கத்தில். முடிந்தது.

புள்ளிமான்: எங்கே முடிந்தது? தேறியவர்கள் எத்தனை மணி படித்தார்கள் என்றுதான் பெட்டி சொல்லும். இத்தனை மணி படித்தால் தேறும் வாய்ப்பு எவ்வளவு என்பதல்லவா கேள்வி? புள்ளிகளுக்குக் கொஞ்சம் ஜிட்டர் கொடுத்து (ஒன்றன்மேல் ஒன்று விழாதபடி சற்றே மேலும் கீழும் நகர்த்தி), மேலே லாஜிஸ்டிக் வளைவை (தேறும் வாய்ப்பை 0-க்கும் 1-க்கும் நடுவே S வடிவில் காட்டும் கோடு) போடுங்கள்.

பெட்டிப்பிரியன்: ஜிட்டர் போட்ட படத்தைப் பார்த்து, "0.07 தேர்ச்சி என்றால் என்ன?" என்று என் மேலாளர் கேட்டார். அப்புறம் அந்த வளைவு, தரவு எப்படி இருந்தாலும் அழகாக வளைந்துதான் நிற்கும்.

புள்ளிமான்: அது நியாயம். மணிநேரத்தைப் பத்துக் கூறாக்கி, ஒவ்வொன்றிலும் தேறியவர் விகிதத்தை வளைவின் மேலேயே வையுங்கள். வளைவு பொய் சொன்னால் மாட்டிக்கொள்ளும். 0-1 தரவுக்கு உதாரணமாக, ஏவிய சற்று நேரத்தில் சிதறிய சேலஞ்சர் விண்கலத்தை எடுங்கள். அதை ஏவிய 1986 ஜனவரி 28-க்கு முந்தைய இரவு, ஓ-ரிங் (ராக்கெட் இணைப்புகளை அடைக்கும் ரப்பர் வளையம்) பாதிக்கப்பட்ட முந்தைய பயணங்களைத்தான் பேசினார்கள். அவை ஏழு, ஏவியபோது இருந்த வெப்பநிலைப்படி 53 முதல் 75 டிகிரி பாரன்ஹீட் வரை பரவிக் கிடந்தன. பாதிப்பில்லாத 16 பயணங்களையும் 0 என்று சேர்த்துப் பாருங்கள்: ஒன்றுகூட 65-க்குக் கீழே இல்லை. 65-க்குக் கீழே ஏவிய நான்கிலும் பாதிப்பு. மறுநாள் காலைக்குக் கணித்திருந்தது 31!

பெட்டிப்பிரியன்: இரண்டு பெட்டி போட்டிருந்தாலும் அது தெரிந்திருக்கும்.

புள்ளிமான்: ஏழு புள்ளிக்கு எதற்குப் பெட்டி?

சுழியம்: நடுவில் வருகிறேன். 0.31 என்பது 0-1 வைத்துப் போட்ட சாதாரண பியர்சன் கெழுதான், அதாவது வழக்கமான ஒட்டுறவு எண். மணிநேரம் இயல்நிலைப் பரவலாக (நடுவில் குவிந்து இருபுறமும் ஒரே மாதிரி குறைவதாக), தேறியவரும் தோற்றவரும் பாதிப் பாதியாக இருந்தாலே உச்சம் சுமார் 0.8. ஆகவே 1-ஐ எதிர்பார்க்காதீர்கள். குறைவாகப் படித்தவரும் அதிகமாகப் படித்தவரும் தோற்று நடுவில் இருப்பவர் தேறினால், கெழு 0-ஐ ஒட்டியே நிற்கக்கூடும். இரு குழுவின் சராசரி மணிநேரமும் ஒன்றாகிவிடும் அல்லவா.

அரைவேக்காடு: பத்துக் கூறாக்கிப் போட்டுவிட்டேன். 20 மணிக்கு மேல் விகிதம் ஏறவே இல்லை. வளைவு மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

பெட்டிப்பிரியன்: சொன்னேனா இல்லையா?