மதிலை உடைத்தாயிற்று, ஊரை நிரப்பியது எப்படி?

டியூஷன் டீச்சர், சுங்கை சிப்புட்:
வணக்கம். தோட்டத்துப் பிள்ளைகள் ஆறு பேருக்கு வீட்டு அஞ்சடியில் வரலாறு சொல்லித் தருகிறேன். 1453 மே 29-இல் ஒட்டோமான் சுல்தான் இரண்டாம் மெகமது கான்ஸ்டான்டிநோப்பிளை (இன்றைய இஸ்தான்புல்) பிடித்த கதையை, பீரங்கி, மேட்டின்மேல் இழுத்த கப்பல் என்று கண் விரியக் கேட்டார்கள். முடிந்ததும் ஒரு பையன், "பாழாய்ப் போன ஊரை எப்படி டீச்சர் தலைநகர் ஆக்கினார்?" என்றான். பாடநூலில் அதற்கு ஒரே வரிதான். யாராவது விளக்குங்களேன்.

கித்தாக்காடு:
டீச்சர், அரண்மனையை அப்புறம் சொல்லுங்கள். முதலில் ஆள் சேர்த்ததைச் சொல்லுங்கள்.

முற்றுகைக்கு முன்பே மதிலுக்குள் ஏறத்தாழ 50,000 பேர்தான். ஊர் விழுந்ததும் பெரும்பாலோர் அடிமைகளாகப் போனார்கள். மெகமது தம் பங்குக்கு வந்த கைதிகளை அங்கேயே குடிவைத்தார். அனத்தோலியா (இன்றைய துருக்கியின் ஆசியப் பகுதி), பால்கன் பக்கமிருந்து முஸ்லிம், கிறிஸ்தவ, யூதக் குடும்பங்களை ஆணை போட்டுப் பெயர்த்து வந்தார். 'சுர்குன்' என்று அதற்குப் பெயர். 1454 தொடக்கத்தில் கெனாடியோஸ் என்ற துறவியைக் கிரேக்கத் திருச்சபைக்குத் தலைவராக்கினார். தங்களுக்கும் இங்கே இடமுண்டு என்று கிரேக்கர் நம்ப அது உதவியது.

வந்தவர்களுக்குக் காலி வீடுகளைச் சொந்தமாகவே கொடுத்தார்கள். பிறகு வாடகை என்றதும் சனங்கள் மூட்டை கட்டிவிட்டார்கள்! வாடகையை ரத்து செய்ய வேண்டியதாயிற்று.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் இருந்த தோட்டம் கைமாறியதும் லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னது நிர்வாகம். இன்று செம்பனைக்கு நடுவே மாரியம்மன் கோயில் மட்டும் நிற்கிறது. ஆடியில் நாங்கள் போய்ச் சூடம் கொளுத்தினால்தான் உள்ளே வெளிச்சம். ஆள் இல்லாத மதில் எப்படியிருக்கும் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டாம்.

ஈப்போ வாசகி:
அண்ணன் சொன்னதோடு சந்தையையும் சேருங்கள், டீச்சர். 1450-களின் நடுவில் தொடங்கிய மூடிய சந்தையின் கடை வாடகை ஆயா சோபியா பள்ளிவாசலின் பராமரிப்புக்குப் போனது. அதுதான் பின்னாளில் கிராண்ட் பஜார். தொப்காப்பி அரண்மனை 1459-இல் தொடங்கியது. 1463 முதல் 1470 வரை மெகமது கட்டிய பாத்தி பள்ளிவாசலைச் சுற்றிக் கல்லூரிகள், மருத்துவமனை, அன்னசாலை எல்லாம் வந்தன. ரோமர் காலத்து நீர்க்கால்வாயையும் செப்பனிட்டார்கள். 1477 கணக்கெடுப்பில், எதிர்க்கரையிலுள்ள கலாத்தாவையும் சேர்த்து 16,000-க்கு மேற்பட்ட வீடுகள்.

டியூஷன் டீச்சர்:
இருவருக்கும் நன்றி. சனிக்கிழமை வகுப்பை வீட்டு வாடகையிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அண்ணே, கேள்வி கேட்ட பையனின் பாட்டியும் லயத்தை விட்டு வந்தவர்தான். அவரையும் வந்து உட்காரச் சொல்லியிருக்கிறேன்.